சி மொழியின் முதற்படிகள்: எழுதுவது முதல் ஓட்டுவது வரை

திருமலை (திருகோணமலை) பாடசாலைகளில் ஐசிடி என்ற தகவல் தொழினுட்பப் பாடம் படித்தவர்களுக்கு நிரல் எழுதுவது முற்றிலும் புதிதல்ல. சாதாரண தரத்தில் பாஸ்கல் கொஞ்சம் பார்த்திருப்பார்கள். உயர்தரத்தில் பைத்தன் எழுதியிருப்பார்கள். பிறகு கோணேசபுரியிலுள்ள வளாகத்திலோ வேறு எங்காவதோ கணினி விஞ்ஞானம் படிக்கப் போனால் சி மொழி வந்து எதிரே நிற்கும். சியின் இலக்கணம் சிறியது, அதைப் பார்த்து முடிக்க அதிக நாள் வேண்டாம். தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். பைத்தனில் எழுதியதை அப்படியே ஓட்டிவிடலாம். சியில் எழுதுவதற்கும் ஓடுவதற்கும் நடுவே, எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றும் கம்பைலர் இருக்கிறது. அது பல கட்டங்களாக வேலை செய்கிறது, ஒவ்வொரு கட்டமும் தன் கண்ணில் பட்ட பிழையை மட்டும் சொல்லும். பிழை எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பழக்கத்துக்காகத்தான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். குறிகளும் இலக்கங்களும் உள்ளபடியே வரும்.

கருவிகளை நிறுவுதல்

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள லப்டொப் என்றால், பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை நிறுவ இதைக் கொடுங்கள்:

டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்

கணினியை மீளத் தொடக்கியதும் உபுண்டு லினக்ஸ் வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, விசைப்பலகை பழுது என்று நினைக்க வேண்டாம். பிறகு இந்த இரண்டு வரி:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் ஜிடிபி மேன்பேஜஸ்-டெவ்

ஜிசிசி என்ற கம்பைலர், இணைப்பான், பல கோப்புகளைச் சேர்த்துக் கம்பைல் பண்ணும் மேக், பிழை தேடும் ஜிடிபி, கைநூல் பக்கங்கள் எல்லாம் இதிலேயே வந்துவிடும். உபுண்டுவோடு சேர்த்து நிறைய டேட்டா போகும், எனவே போன் ஹொட்ஸ்பொட்டில் செய்யாமல் நல்ல வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். ஒருமுறை நிறுவிவிட்டால் அதன்பின் இணையமே தேவையில்லை. "மேன் 3 பிரின்ட்எஃப்" என்று கொடுத்தால் திரையில் அச்சிடும் அந்தச் சார்பின் முழு விளக்கமும் இணைப்பு இல்லாமலே திறக்கும்.

நினைவகம் குறைந்த பழைய கணினிக்கு டபிள்யூ64டெவ்கிட் என்ற சிறிய கருவித்தொகுப்பு போதும். பிரித்து ஒரு போல்டரில் வைத்தாலே வேலை செய்யும். ஆனால் கீழே சொல்லப்போகும் நினைவகச் சோதனை அதில் கிடையாது. கணினியே இல்லாதவர்கள் அன்ட்ரொயிட் போனில் எஃப்-டிரொயிட் தளத்திலிருந்து டெர்மக்ஸ் செயலியை நிறுவி, "பிகேஜி இன்ஸ்டால் கிளாங்" என்று கொடுக்கலாம். கிளாங்கும் ஒரு சி கம்பைலர்தான். அங்கே ஒரு கவனம் வேண்டும். போனின் பொதுச் சேமிப்பிடத்தில் வைத்த நிரலை ஓட்ட அன்ட்ரொயிட் அனுமதிக்காது, "பெர்மிஷன் டினைட்" என்று நிற்கும். டெர்மக்ஸின் சொந்த வீட்டுப் போல்டருக்குள்ளேயே எழுதி, கம்பைல் பண்ணி, ஓட்டுங்கள்.

டேர்போ சி என்ற பழைய கம்பைலரை விட்டுவிடுங்கள். பழைய நோட்டுகளில் கோனியோ தலைப்புக் கோப்பும், கிளியர்ஸ்கிரீன் அழைப்பும், வொயிட் என்று தொடங்கும் மெயினும் கண்டால் அது டேர்போ சி காலத்து நோட்டு. அதில் முழுவெண்ணின் உச்சவரம்பு 32767 மட்டுமே. இன்றைய கணினிக்கு எழுதப்போகிறவர் அந்த வரம்பைப் பழகி ஒரு பயனும் இல்லை. விஎஸ் கோட் நல்ல கருவிதான், ஆனாலும் தொடக்கத்தில் வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். அதன் ஓட்டும் பொத்தான் எல்லாக் கட்டங்களையும் ஒரே அமுக்கில் மறைத்துவிடுகிறது. நானோ என்ற எளிய எழுதுகருவி போதும். கன்ட்ரோல்-ஓ சேமிக்கும், கன்ட்ரோல்-எக்ஸ் வெளியேறும்.

முதல் நிரல்

"நானோ முதல்.சி" என்று திறந்து இதை எழுதுங்கள்:

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.எச்>

இன்ட் மெயின்(வொயிட்)
{
    பிரின்ட்எஃப்("வணக்கம், திருமலை\என்");
    ரிட்டர்ன் 0;
}

மேற்கோளுக்குள் இருக்கும் வணக்கத்தைத் தமிழிலேயே தட்டலாம். சாய்கோட்டோடு வரும் "என்" என்ற ஆங்கில எழுத்து புதிய வரிக்கானது. இப்போது கம்பைல்:

ஜிசிசி -டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா -ஜி முதல்.சி -ஓ முதல் && ./முதல்

இந்த வரியில் இரண்டு டபிள்யூவும் பெரிய எழுத்து. அவை எச்சரிக்கைகளைத் திறந்துவிடும். ஜி பிழை தேடத் தேவையான வரி எண்களைச் சேர்க்கும். ஓவுக்குப் பிறகு வருவது உருவாகப்போகும் நிரலின் பெயர். அந்த இடத்தில் தவறி "முதல்.சி" என்றே எழுதிவிடாதீர்கள், இன்றைய ஜிசிசி அதை மறுத்துவிடும், ஆனால் வேறு கம்பைலரில் நீங்கள் எழுதிய மூலமே அழிந்துபோகலாம்.

நடுவிலுள்ள && முக்கியம். கம்பைல் சரியாக முடிந்தால் மட்டுமே அடுத்தது ஓடும். இது இல்லாவிட்டால், கம்பைல் தோற்ற பிறகும் முன்பு உருவான பழைய நிரலை ஓட்டிவிட்டு, "திருத்தினேன், ஆனால் மாறவில்லையே" என்று மணிக்கணக்காகத் தேட வேண்டியிருக்கும். பைத்தனிலிருந்து வருபவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். நிரலின் பெயருக்கு முன் உள்ள ./ இந்தப் போல்டரில் தேடு என்பதற்கு. லினக்ஸ் தானாக இங்கே தேடாது. நிரலுக்கு "டெஸ்ட்" என்று பெயர் வைத்து ./ போட மறந்தால் ஷெல்லின் சொந்தக் கட்டளையான டெஸ்ட் ஓடி, திரையில் எதுவுமே வராமல் முடியும்.

எந்தக் கட்டம் பேசுகிறது?

முதலாவது முன்செயலி. # என்ற எண் குறியோடு தொடங்கும் வரிகள் இதன் பொறுப்பு. எஸ்டிடிஐஓ என்பதில் ஸ்டாண்டர்ட் என்பதன் சுருக்கமான மூன்று எழுத்துகளும் அடுத்து ஐயும் ஓவும் இருக்கின்றன. இதை "ஸ்டூடியோ" என்று தட்டிவிடுவது மிகப் பரவலான தவறு. அப்போது "நோ சச் பைல்" என்று வரும். கோப்பு இல்லை என்ற செய்தி கண்டால் தலைப்பு வரியைப் பாருங்கள், மற்ற வரிகளைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது இலக்கணம் பார்க்கும் கம்பைலர். அரைப்புள்ளி விடுபட்டால் "எக்ஸ்பெக்டட்" என்று தொடங்கும் செய்தி வரும். அது காட்டும் வரியில் குறை தெரியாவிட்டால் அதற்கு மேல் வரியின் கடைசியைப் பாருங்கள். அடைப்பு மூடாவிட்டால் பிழை கோப்பின் இறுதி வரியில் காட்டப்படும், உண்மையான இடம் மேலே எங்காவது இருக்கும். வட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை ஒட்டினால் நேர் மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாகியிருக்கும். "ஸ்ட்ரே" என்ற சொல் செய்தியில் இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். மேற்கோள்களை அழித்துக் கையால் மறுபடி தட்டுங்கள். எத்தனை பிழை வரிசையாக வந்தாலும் முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணுங்கள். ஒரு விடுபட்ட அடைப்பு இருபது பொய்ப் பிழைகளைப் பெறும்.

அடுத்துள்ள அசெம்பிளர் கட்டம் தொடக்கநிலையில் வாய் திறப்பதே இல்லை. அதற்கடுத்தது, துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்க்கும் இணைப்பான். "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்றால் இணைப்பான் பேசுகிறது என்று அர்த்தம். உங்கள் இலக்கணம் சரி, ஆனால் கூப்பிட்ட சார்பு எங்குமே கிடைக்கவில்லை. மெயின் என்பதை எழுத்துப் பிசகாக எழுதினால் பிழை இங்கேதான் வரும், கம்பைலர் அதைக் கவனிக்காது. வர்க்கமூலம் காணும் எஸ்கியூஆர்டி சார்பைப் பயன்படுத்தும்போது கட்டளையின் கடைசியில் -எல்எம் சேர்க்க வேண்டும், மூலக்கோப்பின் பெயருக்கு முன்னால் போட்டால் உபுண்டுவில் வேலை செய்யாமல் போகலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடைப்புக்குள் 16 என்று எண்ணையே நேரடியாகக் கொடுத்தால் கம்பைலரே விடையைக் கணக்கிட்டு முடித்துவிடும், -எல்எம் இல்லாமலும் ஓடும். மாறியைக் கொடுத்தவுடன் பிழை வரும். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்பதற்கு இப்படியும் காரணம் இருக்கும்.

பிரின்ட்எஃப் பெயரைத் தப்பாக எழுதினால் என்ன நடக்கும் என்பது பதிப்பைப் பொறுத்தது. ஜிசிசி 14 முதல் அது இரண்டாம் கட்டத்திலேயே பிழை. அதற்கு முந்தைய பதிப்புகள் இயல்பாக எச்சரிக்கை மட்டும் கொடுத்து, பிறகு இணைப்பான் பிழையில் நிற்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கடைசியாக ஓட்டம். இதில் வரும் பிழைகள்தான் கடினமானவை. அவற்றுக்குச் சோதனை ஓட்டத்தின்போது இன்னொரு தெரிவையும் கம்பைல் வரியில் சேருங்கள்:

-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட்

நிரல் சற்று மெதுவாக ஓடும், ஆனால் நினைவகத் தவறையும், எண் வரம்பை மீறி வழிவதையும் வரி எண்ணோடு சொல்லும். கற்கும் காலத்தில் இதை நிரந்தரமாகவே வைத்திருங்கள்.

எண்கள்: மீன் விலையில் ஒரு கணக்கு

சியில் ஒவ்வொரு மாறிக்கும் வகை உண்டு. இன்ட் என்பது இன்றைய கணினிகளில் 4 பைட். −2147483648 முதல் 2147483647 வரை கொள்ளும். பைத்தனில் எண்ணுக்கு இப்படி வரம்பு இல்லாததால் இது பலருக்கு உறைப்பதில்லை.

பாரை மீன் கிலோ 1450 ரூபாய் என்று வைப்போம். நிறை 2 கிலோ 350 கிராம். பணத்தைத் தசம எண்களுக்கான டபுள் வகையில் வைக்க வேண்டாம், 0.1 போன்ற பின்னங்களை அது துல்லியமாக வைத்திருக்காது, கூட்டக் கூட்டச் சதம் நழுவும். எல்லாவற்றையும் சதத்திலும் கிராமிலும் முழுவெண்ணாக வைப்போம். 2350 × 145000 = 340750000. இதை 1000 ஆல் வகுத்தால் 340750 சதம், அதாவது 3407 ரூபாய் 50 சதம். சரியான விடை.

இப்போது 20 கிலோ வாங்குகிறோம். 20000 × 145000 = 2900000000. இது இன்ட்டின் வரம்பைத் தாண்டிவிட்டது. நிரல் நிற்காது, பெரும்பாலும் −1394967296 போன்ற எதிர்மறை எண்ணை வைத்துக்கொண்டு தொடரும். மொழி விதிப்படி இந்த நிலையில் எதுவும் நடக்கலாம், எனவே அந்த எண்ணைக்கூட நம்பியிருக்க முடியாது. மேலே சொன்ன சானிடைஸ் தெரிவு இருந்தால் "சைன்ட் இன்டிஜர் ஓவர்ஃப்ளோ" என்று வரியோடு காட்டும்.

பெரிய வகையான லோங் லோங் இதற்குத் தீர்வு. ஆனால் பலர் அதை அரைகுறையாகச் செய்கிறார்கள்:

லோங் லோங் தொகை = கிராம் * சதம்;

கிராமும் சதமும் இன்ட் வகையாகவே இருந்தால் பெருக்கல் இன்ட்டிலேயே நடந்து, வழிந்த பிறகுதான் பெரிய பெட்டிக்குள் போகும். இடப்பக்கத்து வகை வலப்பக்கத்துக் கணக்கைக் காப்பாற்றாது. பெருக்கப்படும் மாறிகளில் ஒன்றையாவது லோங் லோங்காக அறிவியுங்கள். அச்சிடும்போது %டி போதாது, %எல்எல்டி வேண்டும். வகையும் குறியும் பொருந்தாவிட்டால் திரையில் குப்பை எண் வரும். -டபிள்யூஆல் இதை முன்கூட்டியே எச்சரிக்கும்.

வகுத்தலிலும் பழைய பழக்கம் காலை வாரும். திருமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர், 7 மணித்தியாலத்தில் போனால் சராசரி வேகம் என்ன? சியில் 260 / 7 என்றால் 37. மீதி எறியப்படும். பைத்தனிலும் பாஸ்கலிலும் அதே குறி தசமத்தோடு விடை தரும். 260 / 7.0 என்று எழுதினால் 37.142857 வரும். பாஸ்கல் பழகியவர்களுக்கு இன்னொன்று: அங்கே ஒப்பிடுவதற்கு ஒற்றைச் சமக்குறி, இங்கே இரட்டை. இஃப் அடைப்புக்குள் ஒற்றைச் சமக்குறியோடு 5 எழுதினால் மாறிக்குள் 5 போய், நிபந்தனை எப்போதும் உண்மையாகிவிடும்.

உள்ளீடு வாங்க ஸ்கேன்எஃப். மாறியின் பெயருக்கு முன் & போட வேண்டும், ஏனெனில் அதற்கு வேண்டியது மாறி இருக்கும் நினைவக முகவரி. எண் கேட்கும் இடத்தில் யாராவது 2,350 என்று கமாவோடு தட்டினால் 2 மட்டும் உள்ளே போகும், மீதி வரிசையில் காத்திருந்து அடுத்த ஸ்கேன்எஃபைக் குழப்பும். எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து நகரவே நகராது. மடக்கு (லூப்) ஒன்றுக்குள் இருந்தால் நிரல் முடிவில்லாமல் சுற்றும், கன்ட்ரோல்-சி அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்பு வாசித்தது என்பதைத் திருப்பித் தருகிறது. ஒரு எண் கேட்டால் விடை 1 தானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அணி: கன்னியாவின் ஏழு கிணறுகள்

கன்னியா வெந்நீர் ஊற்றில் கிணறுகள் ஏழு. அவற்றின் வெப்பநிலையை வைக்க ஓர் அணி:

இன்ட் வெப்பம்[7];

இடங்கள் 0 முதல் 6 வரை. ஏழாம் எண் இடம் என்று ஒன்று கிடையாது. ஃபோர் மடக்கில் ஐ < 7 என்பதற்குப் பதிலாக ஐ <= 7 என்று எழுதினால், எட்டாவது சுற்று அணிக்கு வெளியே போய் எழுதும். சி தடுக்காது. பக்கத்திலிருக்கும் வேறு மாறியின் மதிப்பு சத்தமில்லாமல் மாறலாம், நிரல் "செக்மென்டேஷன் ஃபோல்ட்" என்று விழலாம், அல்லது இன்று சரியாக ஓடி நாளை விழலாம். சானிடைஸ் போட்டிருந்தால் "ஸ்டாக்-பஃபர்-ஓவர்ஃப்ளோ" என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

அணியைச் சார்புக்கு அனுப்பும்போது முகவரி மட்டுமே போகிறது, நீளம் போவதில்லை. மெயினுக்குள் சைஸ்ஆஃப் 28 பைட் காட்டும், 4 ஆல் வகுத்தால் 7. அதே வரியைச் சார்புக்குள் எழுதினால் 64 பிட் கணினியில் முகவரியின் அளவான 8 வரும், வகுத்தால் 2. சராசரி இரண்டு கிணறுகளுக்கு மட்டும் கணிக்கப்படும். எண்ணிக்கையைத் தனி அளபுருவாகச் சேர்த்தே அனுப்புங்கள்.

சாதாரண மாறியை அனுப்பினால் அதன் பிரதி போகிறது. சார்புக்குள் மாற்றினாலும் வெளியே மாறாது. மாற்ற வேண்டுமானால் முகவரியை அனுப்பி, உள்ளே உடுக்குறியோடு (*) பயன்படுத்த வேண்டும். பொயின்டர் என்று பயமுறுத்துவது இதைத்தான். ஸ்கேன்எஃபில் & போட்டபோதே அதைப் பயன்படுத்திவிட்டீர்கள்.

தமிழ் எழுத்து எத்தனை பைட்?

நம் மொழியில் நிரல் எழுதுபவர் அவசியம் அறிய வேண்டிய பகுதி இது, ஆங்கிலப் பாடங்களில் இது பெரும்பாலும் வராது. "திருகோணமலை" என்ற சொல் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறிகள் தனிக் குறிகள் என்பதால் அது 10 குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆகவே நீளத்தைப் பைட்டில் சொல்லும் எஸ்டிஆர்லென் சார்பு தரும் விடை 30. சொல் முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரும் பூச்சியத்துக்கும் இடம் வேண்டும், எனவே எழுத்துகளை வைக்கும் "கார்" வகை அணியின் அளவு குறைந்தது 31. இருபது போதும் என்று கண்ணளவில் ஒதுக்கினால் வழிந்துவிடும்.

வெட்டுவதிலும் இதே சிக்கல். %.10எஸ் என்று அச்சிட்டால் 10 பைட் மட்டும் வெளிவரும். 9 பைட்டில் "திர" முடியும், பத்தாவது பைட் உகரக் குறியின் உடைந்த துண்டு, திரையில் கேள்விக்குறிச் சதுரமாகத் தெரியும். 12 என்று கொடுத்தால் "திரு" முழுசாக வரும். மூன்றின் மடங்காக வெட்டினாலும் 15 பைட்டில் "திருக" என்று நிற்கும், ஓகாரக் குறி விடுபட்டுவிடும். அகலம் கொடுத்து நெடுவரிசையாக அடுக்கும் %-20எஸ் போன்றவையும் பைட்டையே எண்ணுவதால் தமிழ்ப் பட்டியல் கோணலாகும். குறிகளை எண்ண வேண்டுமென்றால், முதல் இரண்டு பிட்டும் 10 என்று இல்லாத பைட்டுகளை மட்டும் எண்ணுங்கள், 10 கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண, அதிலிருந்து உயிர்க்குறிகளையும் புள்ளியையும் கழிக்க வேண்டும். இந்த எண்ணும் சார்பை நீங்களே எழுதுவது மிக நல்ல பயிற்சி. உபுண்டுவை விட்டு விண்டோஸின் சொந்தக் கறுப்புத் திரையில் ஓட்டினால் முதலில் "சிஎச்சிபி 65001" கொடுங்கள், இல்லையேல் தமிழ் சிதறித் தெரியும்.

மாறிகளின் பெயரையே தமிழில் வைக்கலாமா? ஜிசிசி 10 முதல் வைக்கலாம், மேலே எழுதிய தொகை, வெப்பம் எல்லாம் அப்படியே ஓடும். கோ என்ற வேறொரு நிரல் மொழியில் முடியாது. அது பெயருக்குள் எழுத்துகளையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டும் ஏற்கும், நம் உயிர்க்குறியும் புள்ளியும் அந்த வகைக்குள் வராததால் "விலை" என்ற பெயரே பிழையாகும்.

இரண்டு கோப்பானதும்

நிரல் நூறு வரியைத் தாண்டும்போது பிரியுங்கள். ஒவ்வொரு சி கோப்பையும் -சி தெரிவோடு தனித்தனியாகக் கம்பைல் பண்ணினால் புள்ளி ஓ கோப்புகள் கிடைக்கும். பிறகு அவற்றை ஒன்றாகக் கொடுத்து இணைக்கலாம். சார்பின் அறிவிப்பு தலைப்புக் கோப்பில் இருக்க வேண்டும், உடல் ஒரே ஒரு சி கோப்பில். உடலையும் தலைப்பில் எழுதி இரண்டு இடத்தில் சேர்த்தால் இணைப்பான் "மல்டிபிள் டெஃபினிஷன்" என்று மறுக்கும். மேக்பைல் எழுதும்போது கட்டளை வரி டாப் விசையால் தொடங்க வேண்டும். இடைவெளிகள் போட்டால் "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" வரும்.

ஓட்டத்தில் விழும் நிரலுக்கு ஜிடிபி. "ஜிடிபி ./முதல்" என்று திறந்து, ரன் கொடுங்கள். விழுந்த இடத்தில் பிடி என்ற இரண்டு எழுத்து எந்தச் சார்பு எதைக் கூப்பிட்டது என்று காட்டும். பிரின்ட் என்று மாறியின் பெயரைக் கொடுத்தால் மதிப்பு தெரியும். தொடக்கத்துக்கு இந்த மூன்று கட்டளை போதும்.

முதல் முழுப் பயிற்சியாக மீன் கடைக் கணக்கை எழுதுங்கள். நிறையையும் விலையையும் கேட்க வேண்டும், ஏழு கொள்வனவு வரை அணியில் வைக்க வேண்டும், முடிவில் மொத்தத்தை ரூபாயும் சதமுமாக அச்சிட வேண்டும். முடிந்ததும் 0, −5, 2,350, அஆஇ, வெறும் என்டர், 20000 கிராம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். எதிர்மறை நிறையை நிரல் ஏற்கக் கூடாது, கமாவுக்கும் எழுத்துக்கும் சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாது, எட்டாவது கொள்வனவை மறுக்க வேண்டும். வெறும் என்டரை ஸ்கேன்எஃப் கண்டுகொள்ளாது, எண் வரும்வரை காத்திருக்கும். அதையும் கையாள வேண்டுமென்றால் எஃப்கெட்எஸ் மூலம் முழு வரியை வாங்கி, பிறகு எஸ்டிஆர்டிஓஎல் மூலம் எண்ணாக மாற்றுங்கள்.